பந்தா, குர்ஆனா என்று கேட்டது நம் பிழை





பம்மலில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில் மாலை வகுப்பு அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிப் பாங்கோடு முடிவடையும். அவ்வகுப்பில் பதினான்கு வயது மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய அத்தா நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவர். மூன்று ஜுஸ்உகளைத் தட்டுத் தடங்கலின்றி மனனம் செய்திருந்த பிள்ளை அவன். திடீரென்று வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்கு வராமல் இருக்கத் தொடங்கினான். விசாரித்ததில், பள்ளிக்கூடத்தில் ரக்பி விளையாட்டுப் பயிற்சியில் சேர்ந்திருப்பது தெரிந்தது. 2025 ஜூன் மாதம் மும்பையில் நடைபெற்ற முதலாவது ரக்பி பிரீமியர் லீக் போட்டியில் சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றதைக் கைபேசியில் பார்த்த நாள் முதல் அவனுக்கு அந்த நீள்வட்டப் பந்தின் மீதே நினைவு.

ஒருநாள் அவனுடைய அத்தா அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நம் முன் நிறுத்தினார். "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்க. பெரிய ஆட்டக்காரனா ஆகி சம்பாதிக்கப் போறானாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்றார். மற்றப் பிள்ளைகள் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் சற்றும் யோசிக்காமல், "பந்தா, குர்ஆனா? ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே வா" என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து அவனுடைய அத்தாவைச் சந்தித்தபோது, "இப்ப ஜும்ஆவுக்குக்கூட வேற பள்ளிவாசலுக்குப் போறான் ஹஜ்ரத். உங்க முகத்தைப் பாக்க வெக்கமா இருக்காம்" என்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவன் முன் நாம் வைத்த கேள்வியை மார்க்கம் கேட்டதா, நாமாகக் கேட்டோமா என்ற எண்ணமே மனத்தை அரித்தது. அந்த விளையாட்டைப் பற்றியும், அதையே பிழைப்பாகக் கொண்ட முஸ்லிம்களைப் பற்றியும் அதன் பிறகுதான் தேடிப் படித்தோம். படித்ததையும் அதிலிருந்து நாம் வந்தடைந்த முடிவையும் பெற்றோர்களோடும் சக உஸ்தாதுமார்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூலியில் பிறந்த விளையாட்டு

ரக்பி நமக்குப் புதிது, கபடி புதிதன்று. பாடிச் செல்பவரைப் பலர் சேர்ந்து மடக்கிப் பிடிப்பதும், பிடிபட்டவர் திமிறிக்கொண்டு கோட்டைத் தொட முயல்வதும் நாம் கண்டு வளர்ந்த காட்சிகள். ரக்பியிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து தரையில் ஊன்ற வேண்டும். எதிரணியினர் ஏந்தி வருபவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள்.

இவ்விளையாட்டு இரு பிரிவுகளாக ஆடப்படுகிறது. ரக்பி யூனியனில் அணிக்குப் பதினைந்து பேர். ரக்பி லீக்கில் பதின்மூன்று பேர். ஆறு முறை பிடிபட்டுவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். சென்னை அணி ஆடியது யூனியனின் சுருங்கிய வடிவமான எழுவர் ஆட்டம்.

ஒரே விளையாட்டு இரண்டாகப் பிரிந்த வரலாறு பம்மல், குரோம்பேட்டைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எளிதில் விளங்கக் கூடியது. இங்கிலாந்தின் வடபகுதியில் இதை ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். ஆட்டத்திற்காக வேலையை விட்டு வந்தால் அந்நேரத்துக்கான கூலி போய்விடும். இழந்த கூலியையாவது ஈடுசெய்யுங்கள் என்று அவர்களின் சங்கங்கள் கேட்டன. வசதி படைத்தோர் கையிலிருந்த தலைமை அமைப்பு, விளையாட்டுக்குப் பணம் பெறுவது இழிவு என்று மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் ஒரு விடுதியில் கூடிய வடபகுதிச் சங்கங்கள் தனியே பிரிந்தன. அந்தப் பிரிவே பிற்காலத்தில் ரக்பி லீக் ஆயிற்று. யூனியன் பிரிவு தன் ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறுவதை 1995இல்தான் வெளிப்படையாக அனுமதித்தது.

உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மிம்பர்களில் அடிக்கடி சொல்கிறோம். ஆகவே ஒருவன் விளையாடிச் சம்பாதிக்க விரும்புகிறான் என்றாலே அது வீண் வேலை என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. மற்ற தொழில்களைப் போலவே அதன் ஹலால், ஹராமையும், அதன் ஒப்பந்தத்தையும், அது நீடிக்கும் காலத்தையும் கேட்டறிந்த பின்பே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒரே அணியில் இருவர்

2004 அக்டோபர் 3 அன்று சிட்னி நகரில் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் இறுதிப் போட்டி நடைபெற்றது. கேன்டர்பரி புல்டாக்ஸ் அணி சிட்னி ரூஸ்டர்ஸ் அணியை 16-13 என்ற கணக்கில் வென்றது. வென்ற அணியில் இருவரைக் கவனியுங்கள். ஒருவர் ஹாஸிம் அல்மஸ்ரி. அப்போது அவருக்கு வயது 28. மற்றவர் சன்னி பில் வில்லியம்ஸ் என்னும் 19 வயது நியூசிலாந்து இளைஞர். முன்னவர் பிறப்பால் முஸ்லிம். பின்னவர் அன்று முஸ்லிம் அல்லர். பிறகு அல்லாஹ் அவருக்கு ஹிதாயத்தை அளித்தான்.

ஹாஸிம் லெபனானின் திரிப்போலி நகரில் 1976இல் பிறந்தவர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1988இல் குடும்பத்தோடு சிட்னியில் குடியேறினார். சிறுவனாக அவர் போய்ச் சேர்ந்த நாட்டில் மொழியும் புதிது, விளையாட்டும் புதிது. 1996இல் புல்டாக்ஸ் அணியில் ஆடத் தொடங்கிய அவர் 2009இல் ஓய்வு பெறும்வரை அந்த ஒரே அணிக்காக 317 ஆட்டங்கள் ஆடினார். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை ஊன்றியது 159 முறை. கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பியது 891 முறை. முன்னதற்கு நான்கு புள்ளி, பின்னதற்கு இரண்டு. கூட்டிப் பார்த்தால் 2,418 புள்ளிகள். அவர் ஓய்வு பெற்ற நாளில் அந்நாட்டுப் போட்டி வரலாற்றில் அதற்கு மேல் எவரும் எடுத்ததில்லை.

இந்த எண்களில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கம்பங்களுக்கு இடையே பந்தை உதைப்பது தனி ஒருவர் செய்யும் வேலை. ஆட்டம் நின்றுவிடும், அரங்கமே பார்த்திருக்கும், மைதானத்தின் ஓரத்திலிருந்து கோணலாக உதைக்க வேண்டும். பயிற்சி நாள்களில் யாரும் பார்க்காத வேளையில் அதையே மீண்டும் மீண்டும் செய்தவருக்குத்தான் அது கைகூடும். குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைக்கு இது தெரியாததா? ஒரே பக்கத்தை நூறு முறை ஓதும் பொறுமையும், உதைத்த இடத்திலிருந்தே நூறு முறை உதைக்கும் பொறுமையும் தூரத்துச் சொந்தங்கள். ஒன்றைக் கற்றவனுக்கு மற்றது எளிதாகும். நம் மாணவன் மூன்று ஜுஸ்உ மனனம் செய்தவன் என்பதையும், பயிற்சியை ஒருநாளும் தவறவிடாதவன் என்பதையும் நாம் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டோம்.

ஹாஸிம் தம் தீனை மறைத்துக்கொண்டு ஆடியவர் அல்லர். தொழுகையாளி, ரமளானில் நோன்பு நோற்பவர் என்று அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் தெரியும். அவர் ஆடிய கடைசி ஆண்டுகளில் ரமளான் மாதம் போட்டிப் பருவத்தின் உச்சத்திலேயே வந்தது. 2005 டிசம்பரில் சிட்னியின் க்ரொனுல்லா கடற்கரையில் பெருங்கும்பல் ஒன்று திரண்டு, லெபனான், அரபு வம்சாவளியினராகத் தோன்றியவர்களைத் தேடித் தேடித் தாக்கியது. அரபுப் பெயர் தாங்கியவர்களை அந்நகரம் ஐயத்தோடு பார்த்த நாள்கள் அவை. அதே நகரத்தில், அரபுப் பெயர் தாங்கிய இந்த முஸ்லிமின் ஆட்டத்துக்கு ஒவ்வொரு வாரமும் பல்லாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். நூறு கருத்தரங்குகள் செய்ய முடியாததை ஒருவருடைய நன்னடத்தை செய்யும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஒப்பந்தத்தை முறித்தவரும் சின்னத்தை மறைத்தவரும்

சன்னி பில் வில்லியம்ஸின் வாழ்க்கை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. பத்தொன்பது வயதில் புகழும் பணமும் கொட்டின. அந்த வயதில் மதுவிலும் இரவுக் களியாட்டங்களிலும் தாம் வழிதவறிப் போனதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2008 ஜூலையில், புல்டாக்ஸ் அணியோடு செய்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்து, சக வீரர்களிடம்கூடச் சொல்லாமல் பிரான்சுக்கு விமானம் ஏறிவிட்டார். வழக்கு எழுந்து, பெருந்தொகை இழப்பீடு கொடுத்த பிறகே அது தீர்ந்தது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு நம்பிக்கையாளர்களுக்கு இடப்பட்ட கட்டளையோடுதான் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகிறது. அன்று அவர் அதை அறியாதவர். அறிந்த நாம்? வாடகை ஒப்பந்தத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் நம்முடைய கதை என்ன என்பதை அவரவர் நெஞ்சே சொல்லட்டும்.

பிரான்சின் துலோன் நகரில் அவருக்கு ஒரு துனீசியக் குடும்பத்தின் பழக்கம் ஏற்பட்டது. ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் ஐந்து பிள்ளைகளோடு வாழ்ந்த ஏழைக் குடும்பம் அது. அவர்கள் வீட்டில் கண்ட மனநிறைவு, எல்லாம் கிடைத்த தம்மிடம் ஏன் இல்லை என்று அவர் எண்ணத் தொடங்கினார். இஸ்லாத்தை ஏற்றார். அக்குடும்பத்தார் அவருக்கு விவாதம் செய்து காட்டவில்லை, வாழ்ந்து காட்டினார்கள். பம்மலில் ஓர் அறை வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் குடும்பங்கள், தங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம்.

அதன் பிறகு அவர் அடைந்தவை பல. நியூசிலாந்து அணியோடு 2011, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் ரக்பி யூனியன் உலகக் கோப்பை. இடையில் 2013இல் ரக்பி லீக்குக்குத் திரும்பி, சிட்னி ரூஸ்டர்ஸ் அணியோடு மீண்டும் ஒரு பட்டம். 2015 அக்டோபர் 31 அன்று லண்டனில் உலகக் கோப்பையை வென்ற மகிழ்ச்சியில் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, உள்ளே ஓடி வந்த ஒரு சிறுவனைக் காவலர் பிடித்துக் கீழே தள்ளிவிட்டார். வில்லியம்ஸ் அச்சிறுவனைத் தூக்கி நிறுத்தி, அவனுடைய குடும்பத்தாரிடம் அழைத்துச் சென்று, தம் கழுத்தில் இருந்த தங்கப் பதக்கத்தைக் கழற்றி அவனுக்கு அணிவித்தார்.

இவற்றையெல்லாம்விட நம்மைச் சிந்திக்க வைத்தது 2017 ஏப்ரலில் நடந்த ஒரு சிறு செயல். ப்ளூஸ் அணிக்காகக் களமிறங்கிய அவர், தம் சட்டைக் கழுத்துப்பட்டியில் இருந்த வங்கியின் சின்னத்தை ஒட்டுத்துணியால் மறைத்திருந்தார். வட்டித் தொழில் செய்யும் நிறுவனத்தை விளம்பரப்படுத்தத் தம் மனசாட்சி இடம்கொடுக்கவில்லை என்று விளக்கினார். வங்கி, மது, சூதாட்ட நிறுவனங்களின் சின்னங்களே அவருக்கு ஆகாதவை. ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். வங்கியின் பணத்தில் நடக்கும் போட்டியில் ஆடிக்கொண்டே இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் நியூசிலாந்து ரக்பி அமைப்பு அவருடைய மறுப்பை மதித்து ஏற்றுக்கொண்டது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா தம் சட்டையில் மது நிறுவனத்தின் சின்னத்தை அணிய மறுத்ததையும், அவருடைய அணி அதற்கு இசைந்ததையும் நம் இளைஞர்கள் அறிவார்கள்.

அந்த ஒட்டுத்துணியை நாம் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளும் முஸ்லிம் இளைஞன் சந்திக்கப்போகும் முதல் சோதனை மைதானத்தில் வராது, சட்டையில் வரும். நம் நாட்டிலும் பணம் கட்டி ஆடும் செயலிகளும் மது நிறுவனங்களின் மறைமுகப் பெயர்களும் விளையாட்டுச் சட்டைகளில் இடம்பெறுவதைப் பார்த்திருக்கிறோம். அன்று "இது எனக்கு ஆகாது" என்று பணிவோடும் உறுதியோடும் சொல்ல அவனுக்கு எங்கிருந்து பலம் வரும்? பதினான்கு வயதில் மக்தபிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு அது வருமா? வட்டி ஏன் ஹராம் என்று அவனுக்கு நாம் கற்பித்திருந்தால் அல்லவா அவன் சின்னத்தை மறைப்பான்?

2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்கு வந்த நம் சகோதரர்கள் சுடப்பட்டு 51 பேர் உயிர் நீத்தார்கள். அப்போது வில்லியம்ஸ் அந்நகருக்குச் சென்று, காயமுற்றோரையும் குடும்பங்களையும் சந்தித்து ஆறுதல் கூறினார். உடன் சென்ற அணித் தோழர் ஓஃபா துங்காஃபாசி அந்நாள்களில் இஸ்லாத்தை ஏற்றார். வில்லியம்ஸின் தாயாரும் இஸ்லாத்துக்குள் வந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

இவர்கள் ஆதாரம் அல்லர்

இவ்வளவும் படித்துவிட்டு, அவர்கள் செய்ததெல்லாம் நமக்கு ஆகுமானவை என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். மார்க்கத்தின் ஆதாரம் குர்ஆனும் நபிவழியும் அவற்றிலிருந்து இமாம்கள் எடுத்துத் தந்த சட்டங்களுமே. ஆட்டக்காரர்கள் நமக்குப் படிப்பினை தரலாம். ஃபத்வா தர முடியாது.

வில்லியம்ஸ் குத்துச்சண்டையிலும் ஈடுபட்டவர். முகத்தைக் குறிவைத்து அடிப்பதையே இலக்காகக் கொண்ட குத்துச்சண்டை ஆகாது என்று மக்காவின் ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமி அமைப்பின் ஃபிக்ஹு அவை 1987இல் தீர்மானித்தது. முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இதில் அவர் நமக்கு முன்மாதிரி ஆக மாட்டார்.

ரக்பி வீரர்கள் அணியும் கால்சட்டை முழங்காலுக்கு மேலே நிற்கிறது. ஆணுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால்வரை அவ்ரத் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் நாம் ஓதிக்கொடுக்கும் சட்டம். உள்ளே முழங்காலை மறைக்கும் இறுக்கமான காலுறை ஒன்றை அணிந்து, அதன் மேல் கால்சட்டை போட்டுக்கொள்ளப் பயிற்றுநரிடம் அனுமதி கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கேட்க வேண்டும் என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

தலையில் அடிபடும் அபாயமும் இதில் உண்டு. திரும்பத் திரும்பத் தலை அதிர்ந்தால் பிற்காலத்தில் நினைவும் மனநிலையும் பாதிக்கப்படலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நம் உடலுக்கு நம் மீது உரிமை உண்டு என்பது நபிமொழி. தலையில் அடிபட்ட பிள்ளையை மருத்துவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை மறுபடி ஆடவிடாத பயிற்றுநரா என்று பெற்றோர் கேட்டறிவது அந்த உரிமையைப் பேணுவதே ஆகும்.

அதே சமயம், விளையாட்டே கூடாது என்ற நம்முடைய கடுமைக்கும் மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டிகளைக் கொண்டு விளையாடியதையும், அதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க நபி (ஸல்) அவர்கள் இடமளித்ததையும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். மக்காவின் பெயர்பெற்ற மல்லரான ருகானாவை நபி (ஸல்) அவர்கள் மல்லுக்கட்டில் வீழ்த்திய செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதன்று என்று இமாம் திர்மிதீ அவர்களே குறிப்பிட்டிருப்பதையும் நாம் மறைக்கவில்லை. குதிரைப் பந்தயம் நடத்தியது குறித்தோ ஐயமே இல்லை.

ஏறியது இறங்கும்

அத்தாமார்கள் அறிய வேண்டிய இன்னொன்று, இத்தொழிலின் ஆயுள். ஹாஸிம் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 33. எந்த விபத்தும் நேராமல் முழுமையாக ஆடி முடித்த ஒருவருக்கே அவ்வளவுதான். நம் நகரத்து எடுத்துக்காட்டையே பாருங்கள். 2022இல் தமிழ் தலைவாஸ் கபடி அணி பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. புரோ கபடி வரலாற்றில் அதுவரை எவருக்கும் கொடுக்கப்படாத தொகை அது. முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதும் அவர் வெளியே உட்கார நேர்ந்தது. அவர் மீண்டு வந்தார். எல்லோரும் மீள்வதில்லை. ஏலத்தின் செய்தியைப் பார்க்கும் பிள்ளைகள் முழங்காலின் செய்தியைப் பார்ப்பதில்லை.

வில்லியம்ஸும் இதற்கு விலக்கல்லர். 2020ஆம் ஆண்டுப் பருவத்துக்காக, ரக்பி லீக் வரலாற்றின் மிகப் பெரும் ஊதிய ஒப்பந்தங்களுள் ஒன்று என்று பேசப்பட்ட ஒப்பந்தத்தில் கனடாவின் டொராண்டோ வுல்ஃப்பேக் அணியில் சேர்ந்தார். சில ஆட்டங்களிலேயே பெருந்தொற்று வந்தது. ஜூலையில் அந்த அணி போட்டியிலிருந்தே விலகியது. அவரைப் போன்ற புகழ்பெற்றவருக்கு வேறு அணி கிடைத்தது. பெயர் தெரியாத சக வீரர்கள் பலர் வராத சம்பளத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். கூலிக்காகப் பிறந்த விளையாட்டிலும் 125 ஆண்டுகள் கழித்துக் கூலி நின்றுபோனது.

ஹாஸிமின் 2,418 புள்ளிகள் என்ற சாதனையையும் 2019இல் கேமரன் ஸ்மித் என்பவர் கடந்துவிட்டார். இதைப் படித்தபோது அள்பாவின் நினைவு வந்தது. நபி (ஸல்) அவர்களுடைய அள்பா என்னும் ஒட்டகத்தைப் பந்தயத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். நபித்தோழர்களுக்கு அது பொறுக்கவில்லை. இவ்வுலகில் உயர்கின்ற எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் பதிவான செய்தி இது. விளையாட்டு வீரனாக விரும்பும் ஒவ்வொரு முஸ்லிம் பிள்ளைக்கும் முதல் பாடமாக நாம் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். வெற்றியில் தலை கனக்காமலும் தோல்வியில் நெஞ்சு உடையாமலும் இருக்க இதைவிடச் சிறந்த பாடம் நமக்குத் தெரியவில்லை.

நம்மால் ஆகக் கூடியவை

பெற்றோர்களே! பிள்ளை விளையாட்டில் திறமை காட்டினால் அவனிடம் மூன்று உறுதிகளைக் கேளுங்கள். எந்தப் பயிற்சிக்காகவும் தொழுகையை விடக் கூடாது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு விரிப்பு போதும். பன்னிரண்டாம் வகுப்பையும் அதன் பின் ஒரு படிப்பையோ கைத்தொழிலையோ முடிக்க வேண்டும். முழங்கால் கைவிட்ட நாளில் அதுவே சோறு போடும். கையெழுத்திடும் எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. இட்ட பின் முறிக்கக் கூடாது. இம்மூன்றுக்கும் இசைந்தால் அவனோடு மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். மகன் ஆடுவதை அத்தா பார்க்கிறார் என்பதே பல தீமைகளிலிருந்து அவனைக் காக்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பின் நேரம் வஹீயால் விதிக்கப்பட்டதன்று. வசதிக்காக நாம் வைத்துக்கொண்டது. இன்று பள்ளிக்கூட விளையாட்டுப் பயிற்சிகளும் தனி வகுப்புகளும் அந்நேரத்தில்தான் நடக்கின்றன. இரண்டும் மோதும்போது ஒவ்வோராண்டும் சில பிள்ளைகளை நாம் இழக்கிறோம். இழந்த பின் காலம் கெட்டுவிட்டது என்கிறோம். சுபுஹுக்குப் பின் முக்கால் மணி நேரம் ஒரு வகுப்பு வைப்பது எந்த மஹல்லாவுக்கும் இயலாத காரியம் அன்று. அதிகாலையில் எழுந்து பழகுவது விளையாட்டு வீரனுக்கும் நல்லது, ஹாஃபிழுக்கும் நல்லது. இதனால் ஒழுங்கு கெட்டுவிடும், எல்லோரும் சலுகை கேட்பார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் நம்மிடம் வாதிட்டார். அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒழுங்கைக் காப்பாற்றிப் பிள்ளையை இழப்பதைவிட, நேரத்தை மாற்றிப் பிள்ளையைக் காப்பாற்றுவதே மேல் என்பது நம் கருத்து.

சென்ற மாதம் நாம் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய அம்மா தேநீர் கொடுத்தார். அவன் கதவின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எல்லார் முன்னிலையிலும் அவனை அப்படிக் கேட்டது நம் தவறு என்று அவனிடம் சொன்னோம். ஓர் ஆசிரியர் மாணவனிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. பிறகு ஹாஸிமைப் பற்றியும் வில்லியம்ஸைப் பற்றியும் பேசினோம். ஒட்டுத்துணியின் கதை அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. "ஹஜ்ரத், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு முதல் முறையாக நம் முகத்தைப் பார்த்தான்.

இப்போது சுபுஹு வகுப்பில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அவனும் வருகிறான், சில நாள்களில் கண் சொருகிக்கொண்டு, சில நாள்களில் முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு. நான்காம் ஜுஸ்உவில் பாதி வந்திருக்கிறான். அவன் ரக்பி வீரன் ஆவானா, ஹாஃபிழ் ஆவானா, இரண்டும் ஆவானா, தன் அத்தாவைப் போலத் தோல் தொழிலுக்கே போவானா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். எங்கே போனாலும் அவன் ஜும்ஆவுக்கு நம் பள்ளிவாசல் படியேறத் தயங்க மாட்டான். நமக்கு அது போதும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும் ஈமானின் வலிமையையும் ஒருசேர வழங்குவானாக! கற்பிக்கும் நமக்குப் பொறுமையையும், தவறியபோது திருத்திக்கொள்ளும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.